‘ஆச்சு’ சொல்லாத இயக்குநர்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அத்தை, இரண்டாம் நம்பர் உலை ஆகிய மூவரும் இந்த நிமிடம்வரை சுகம். நாளைக்கு எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தங்கள் சுகமும், தங்கள் தலைமை அலுவலகத்தின் சுகமும், அங்கே மேசைக்கு மேசை படுத்து இளைப்பாறும் எங்கள் கோப்புகளின் சுகமும் அறிய ஆவல். மகள் இங்கே நலம். அம்மாவுக்குத் துணையாக நாலு நாள் இருக்கலாமென்று வந்தேன் என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை, ஆகையால் வேறு ஒன்றும் இல்லை என்று நானும் எடுத்துக்கொண்டேன். பெரிய பெட்டியோடு வந்திருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை யாராக உட்கார்ந்து எழுதுவது என்பதில் முதலிலேயே எனக்குச் சிக்கல். மாமனாராக எழுதினால் மாப்பிள்ளையை ஒரு குறை சொல்லக்கூடாது. கண்ணாடித் தொழிற்சாலையின் உலைக்காரனாக எழுதினால், தலைமை அலுவலகத் திட்டப் பிரிவின் உதவி மேலாளராகிய உங்களுக்கு நேரே எழுத எனக்கு அதிகாரமே கிடையாது. மேஸ்திரி கையெழுத்துப் போட்டு, பகுதி மேலாளர் பார்த்து, பொது மேலாளர் பரிந்துரைத்து இது உங்கள் கைக்கு வருவதற்குள் நீங்கள் ஓய்வு பெற்றுவிடுவீர்கள். தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய இயக்குநராக எழுதினால், உங்கள் மேலாளரின் மேலாளரையே கூப்பிட்டு விளக்கம் கேட்கலாம். மூன்றும் நானே என்பதால், மரியாதையை மாமனாரிடமும் கையெழுத்தை உலைக்காரனிடமும் வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். இயக்குநர் என்ன கொடுப்பார் என்பது நாளைக்குத்தான் தெரியும்.

உங்களுக்குத் தெரியாததல்ல. முதலாளி காலத்தில் இங்கே நிர்வாகம் என்றால் ஒரு கார் ஹாரன். அது கேட்டால் வேலை செய்வோம், கேட்காவிட்டால் மெதுவாகச் செய்வோம். அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு வாசல் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டினார்கள். பெட்டி பெட்டியாக வரைந்து கோடு போட்டு யாருக்குக் கீழே யார் என்று காட்டியிருக்கும். உச்சியில் இயக்குநர் குழு, அதன் ஓரத்தில் புள்ளிக்கோட்டால் ஒட்டவைத்த சின்னப் பெட்டி நான். தரையைத் தொடும் கடைசி வரிசையில் ‘உலை ஊழியர்’ என்று இன்னொரு பெட்டி, அதுவும் நான். நடுவில் தொங்கும் இருபது பெட்டிகளில் ஒன்று நீங்கள். ஆக, படத்தின்படி நான் உங்களுக்கு மேலேயும் இருக்கிறேன், கீழேயும் இருக்கிறேன். முதல் கூட்டத்துக்குப் போக நான் மேஸ்திரியிடம் விடுப்புக் கேட்டேன். இயக்குநருக்கு விடுப்புக் கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று அவர் மேலே அனுப்பினார், அவர்கள் அதற்கும் மேலே அனுப்பினார்கள். அது ஊர்ந்து ஊர்ந்து கடைசியில் இயக்குநர் குழுவின் முன்னாலேயே வந்து நின்றது. நான் வந்து உட்கார்ந்தால்தான் அதைப் பரிசீலிக்க முடியும், பரிசீலித்தால்தான் நான் வரமுடியும். சம்பளம் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் அத்தை தினமும் கேட்கிறாள். எங்கள் சங்கச் செயலாளர் ஒருவர் இருக்கிறார், பக்கத்தில் நின்று பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பதால் அவருக்கு ‘லவுட்ஸ்பீக்கர்’ என்று பேர். அவர்தான் நிற்பதாக இருந்தது. அவர் உள்ளே போனால் சண்டை வரும், சண்டை வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள், யாரோடும் மனஸ்தாபம் இல்லாத ஆளாக அனுப்புவோம் என்று பேசி என்னை நிறுத்தினார்கள். மனஸ்தாபம் இல்லாததற்குக் காரணம் நான் வாயைத் திறப்பதில்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, நாற்காலி மெத்தென்று இருக்கும் என்று சொன்னதும் தலையாட்டிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நடந்த கூட்டத்தில் உங்கள் அறிக்கை வந்தது. அட்டையில் உங்கள் பெயரைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த நிதி இயக்குநரிடம் (எல்லாச் செலவையும் வெட்டுவதால் எங்கள் ஆட்கள் அவரைக் ‘கத்தரிக்கோல்’ என்பார்கள்) இது எங்கள் மாப்பிள்ளை எழுதியதாக்கும் என்று சொன்னேன். அவர், அப்படியானால் உங்களுக்குப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை என்று பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு தலைவர் வாசிக்கத் தொடங்கினார். தேன் மாதிரிக் குரல் அவருக்கு, கெட்ட செய்தியைக்கூடக் குழந்தையைத் தூங்கவைப்பது போலச் சொல்வார். இரண்டாம் நம்பர் உலை எரிபொருளை அளவுக்கு மேல் தின்கிறது, ஆகவே வரும் முதல் தேதியோடு அதை அணைத்துவிடலாம் என்று வாசித்தார். பிஸ்கட் எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை, உங்கள் கணக்கைத் தப்பென்று சொல்ல நான் வரவில்லை. அது தின்பது வாஸ்தவம். அதன் உட்சுவரில் செங்கல் கரைந்து அனல் கசிகிறது, அதனால் தின்கிறது. புதுச் செங்கல் கேட்டு அனுப்பிய விண்ணப்பம் உங்கள் கட்டடத்தில்தான் எந்த மேசையிலோ இருக்கிறது. எந்த மேசை என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கண்ணாடி உலையை அணைப்பதென்றால் அடுப்பை அணைப்பது போலல்ல. உள்ளே உருகிக் கிடப்பது பாறையாக இறுகிவிடும், சுவர் வெடித்துவிடும், பிறகு உடைத்து அள்ளத்தான் முடியும், திரும்பப் பற்றவைக்க முடியாது. அதை நம்பி மூன்று ஷிப்ட் ஆட்கள் பிழைக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றாம் நம்பரில் இடமில்லை.

தலைவர் வாசித்து முடித்து எங்கள் எல்லோரையும் பார்த்துப் புன்னகை செய்து, “யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?” என்றார்.

இந்த இடத்தில்தான் உங்கள் மாமனார் குடி கெடுத்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வழக்கத்தைச் சொல்லவேண்டும். உலையின் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கதவு உண்டு. அதைத் தூக்கினால் அனல் வெளியே பாயும், எதிரே நிற்கிறவன் வெந்துபோவான். ஆகையால் தூக்குவதற்கு முன் மேஸ்திரி உரக்க, “திறக்கலாமா?” என்று கேட்பார். அவரவர் நிற்கும் மூலையிலிருந்து ஒவ்வொருவரும் “ஆச்சு” என்று குரல் கொடுக்கவேண்டும். எட்டுப் பேர் சொல்லி ஒருவன் சொல்லாவிட்டாலும் கதவைத் தொடக்கூடாது. ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியே கிடையாது. ஒருமுறை அப்படிப் பதில் வராமல் போய்ப் பார்த்தால் பின்பக்கம் ஒருவன் மயங்கிக் கிடந்தான், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். லவுட்ஸ்பீக்கர்தான் அது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், பேசாமல் இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

ஆகவே நான் பேசாமல் இருந்தேன். சாதாரணமாக இல்லை, என் பலம் முழுவதையும் திரட்டிப் பேசாமல் இருந்தேன். வியர்த்துக் கொட்டியது. தலைவர் மெல்லத் தலையாட்டினார், அடுத்த விஷயத்துக்குப் போனார். கதவைத் தொடாமல் நிறுத்திவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. தொழிற்சாலை வாசலில் எங்கள் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். “என்ன ஆச்சு?” என்று கேட்டார்கள். “நிறுத்திட்டேன்” என்று சொன்னேன். லவுட்ஸ்பீக்கர் என்னைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள் கத்தினார், அந்தக் காதில் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

மறுநாள் காலை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இயக்குநர் குழு, தொழிலாளர் பிரதிநிதி உட்பட, ஒருமனதாக முடிவு செய்து உலையை அணைப்பதாக எழுதியிருந்தது. ‘தொழிலாளர் பிரதிநிதி உட்பட’ என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பொது மேலாளரிடம் கேட்டேன், நான் சம்மதமே சொல்லவில்லையே என்று. அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, அங்கே யாருமே சொல்வதில்லை, சொல்லாமல் இருப்பதுதான் சம்மதம் என்றார். இதைக் கதவிலேயே எழுதி மாட்டியிருக்கக்கூடாதா, மாப்பிள்ளை? செருப்பை வெளியே விடவும் என்று மட்டும் எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கு ஷிப்டுக்குப் போனேன். யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லி ஆறியிருப்பேன். வழக்கம்போல மேஸ்திரி, “திறக்கலாமா?” என்றார். நான் என் மூலையிலிருந்து “ஆச்சு” என்றேன். வேறு ஒரு குரலும் வரவில்லை. மேஸ்திரி மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன். எட்டுப் பேரும் அவரவர் இடத்தில் நின்று உலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி என்னிடம் வந்து, “கொஞ்சம் வெளியில போய் உக்காருங்க” என்று சொன்னார். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்ததும் உள்ளே வரிசையாக எட்டு ‘ஆச்சு’ கேட்டது. கதவு தூக்குகிற சத்தமும் கேட்டது. அன்றிலிருந்து நான் படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வந்தது.

நேற்று லவுட்ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்தார். அவர் மெதுவாகப் பேசியதை நான் பார்த்ததே இல்லை, நேற்று மெதுவாகப் பேசினார். “நாளன்னிக்கு மறுபடி கூட்டம் இருக்கு. போன முடிவை உறுதி பண்ணப் போறாங்க. அமைச்சகத்துலேர்ந்து ஒரு அம்மா வேற வர்றாங்க, தொழிலாளர் பங்கேற்பு எப்படி நடக்குதுன்னு பாக்க. வாயத் தொறந்து வேணாம்னு சொல்லிடுங்க. இல்லன்னா இந்தப் பக்கம் வராதீங்க” என்றார். உங்கள் அத்தை கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். அந்த டம்ளரை உங்கள் அத்தை இன்னும் எடுக்கவில்லை, அப்படியே மேசையில் இருக்கிறது.

அதிலிருந்து இந்த வீடு பயிற்சிக்கூடமாகிவிட்டது. ‘எனக்கு இதில் சம்மதம் இல்லை’, இவ்வளவுதான் வாக்கியம். மகள் தலைவராக நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள், உங்கள் அத்தை மற்ற இயக்குநர்கள் எல்லோருமாக எதிரே உட்கார்ந்துகொள்கிறாள், நடுவில் நான். மகள் தேன் குரலில், “யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?” என்கிறாள். அவ்வளவுதான், எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பார்த்தேன், வந்தது. தெருமுனையில் மாட்டிடம் சொன்னேன், வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் வரவில்லை. “உங்க அப்பா என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான்டி, பிடிச்சிருக்கான்னு கேட்டா சீலிங்கப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார்” என்று உங்கள் அத்தை மகளிடம் சொன்னாள். மகள் சிரிக்கவில்லை. உங்கள் பெயரை யாராவது எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். ஒருவேளை அங்கே வேலை இருக்கிறதோ என்னவோ.

ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், மாப்பிள்ளை. நாளைக்குப் போவேன், அந்த வாக்கியத்தைச் சொல்வேன், கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் ராஜினாமாவையும் கொடுத்துவிடுவேன். அதை யாரிடம் கொடுப்பது என்று சுவரில் இருக்கும் படத்தில் பார்த்தேன். மேஸ்திரி வழியாகத்தான் போகவேண்டுமாம். பரவாயில்லை, அவர் காலில் விழுந்தாவது தள்ளிவிடுகிறேன். உங்கள் அறிக்கையை எதிர்த்துப் பேசப்போகிறேனே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. உங்களுக்கு இதனால் பதவி உயர்வு தடைபட்டால் மாமனாரை மன்னிக்கவேண்டும், இயக்குநரை மன்னிக்க வேண்டியதில்லை. நிலைமை ஆறும்வரை தாங்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம், எங்கள் ஆட்களுக்கு உங்கள் முகம் தெரியாது, பெயர் நன்றாகத் தெரியும். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதியும் சிரமப்படவேண்டாம். தாங்கள் பேசாமல் இருந்தால் கோபமில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

தங்களுக்கு ஆயுளும், தங்கள் மேசைக்கு விசாலமும், தங்களுக்கு மேலே இருக்கும் பெட்டிகளுக்கெல்லாம் நல்ல புத்தியும் வாய்க்க வேண்டுகிறேன். உங்கள் அத்தையின் ஆசிகளையும் சேர்த்துக்கொள்ளவும், அவள் சமையலறையில் இருப்பதால் கேட்காமலே சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாமனார், உலைக்காரன், நாளை மதியம்வரை இயக்குநர்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தபாலில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கூட்டத்துக்குப் போய்விட்டேன். நடந்ததைக் கேளுங்கள். அமைச்சகத்து அம்மா எனக்கு நேரெதிரே உட்கார்ந்தார். எடுத்தவுடன் என்னைப் பார்த்து, உங்கள் பகுதியில் ஒரு முடிவை எல்லோரும் சேர்ந்து எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டார். இது நான் மனப்பாடம் பண்ணாத கேள்வி, அதனால் சரளமாகப் பதில் வந்தது. கதவையும் மேஸ்திரியையும் ‘ஆச்சு’வையும் சொன்னேன். அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. “இன்னிக்கு இங்கயும் அப்படியே கேட்டுப் பாக்கலாமே” என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். போன தடவை நான் இருந்த லட்சணம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும், சந்தோஷமாகச் சிரித்து, “ஒருத்தர் சொல்லலன்னாலும் திறக்கறதில்ல, அவ்வளவுதானே? தாராளமா” என்றார்.

உலையை அணைக்கலாமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருவரும் ‘ஆச்சு’ என்றார்கள், கத்தரிக்கோல் இரண்டு தரம் சொன்னார். என் முறை வந்தது. தேன் குரல், “நீங்க?” என்றது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இரண்டு நாளாகப் பாத்திரத்திடமும் மாட்டிடமும் சொன்ன வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட ஞாபகம் இல்லை. தலைவர் கொஞ்சம் பொறுத்துவிட்டு, சரி, ஆட்சேபம் இல்லை என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டப்போனார். அந்த அம்மா கையைத் தூக்கினார். “அவர் இன்னும் சொல்லலையே” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான், மாப்பிள்ளை, அந்த வாக்கியம் முழுசாக எனக்கு ஞாபகம் வந்தது. அது வந்த மாத்திரத்தில் இன்னொன்றும் புரிந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். தலைவர் தண்ணீர் குடித்தார், கத்தரிக்கோல் என் முழங்கையை இடித்தார், நான் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்த அம்மா, “அப்ப திறக்கக்கூடாது” என்று சொல்லித் தன் பேனாவை மூடினார்.

உலையை அணைக்கவில்லை. செங்கல் வந்து சுவரைச் சரிசெய்து பார்த்த பிறகுதான் மறுபடி பேச்சு. அதைப் பார்வையிட இரண்டு பேர் கொண்ட குழு போட்டிருக்கிறார்கள். ஒருவன் நான், இன்னொருவர் நீங்கள். இங்கே வரவேண்டாம் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிடவும், உத்தரவு உங்கள் மேசைக்கு வந்து சேருவதற்குக் காத்திராமல் வரவும். ராஜினாமாவையும் இயக்குநர் மதியம்வரைதான் என்பதையும்கூட அடித்துவிடவும். வெளியே வந்ததும் என்ன பேசினேன் என்று லவுட்ஸ்பீக்கர் கேட்டார், ஒன்றும் பேசவில்லை என்று உண்மையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அந்த டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். இன்று காலை மேஸ்திரி கேட்டபோது ஒன்பது குரலும் கேட்டது. என் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. காலையில் பார்த்தேன், மகள் பெரிய பெட்டியைப் பிரித்துத் துணியெல்லாம் அலமாரியில் அடுக்கியிருக்கிறாள். மாப்பிள்ளை வந்து கூப்பிட்டால் கிளம்புவாயா என்று கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சரி, சம்மதம்தான் என்று நான் எழுந்தேன், உங்கள் அத்தை என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஆகையால் பதில் எழுதவேண்டாம் என்று மேலே எழுதியதையும் அடித்துவிட்டு, இன்றைக்கே எழுதவும், எனக்கல்ல, அவளுக்கு. பேசாமல் இருந்துவிடாதீர்கள், மாப்பிள்ளை. இது உலைக்காரன் வீடு.